செண்பகராஜ் மட்டையின் எடை

ஒரு பொருளுக்கு விலை ஏறினால், அது அந்தப் பொருளுக்குத் தெரியுமா? சும்மா தலையாட்டாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

தெரியாது என்றுதான் கொம்பையாவும் நினைத்திருந்தார்.

கொம்பையா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் குருவாக வாய்த்தது சண்முகக்கனி டீச்சர். சீடருக்கு வயது அறுபத்து மூன்று, குருவுக்கு முப்பத்தொன்று.

"பொண்ணு வயசுப் பிள்ளைகிட்ட பாடம் படிக்கப் போறாரு என் வீட்டுக்காரரு. சிலேட்டு வாங்கிக் குடுக்கணும்" என்று கொம்பையாவின் மனைவி பேச்சியம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவர்கள் ஊர் பாறைக்குளம், கோவில்பட்டிக்கு மேற்கே. மற்ற ஊர்களில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கினால், இங்கே ஹாக்கி மட்டைதான் தூக்கும். மூன்று தலைமுறையாக ஆடுகிற ஊர். அதனால் வீட்டுக்கு வீடு பரணில் பழைய மட்டை, பதக்கம், டீம் கோட்டு என்று ஏதாவது கிடக்கும். அதையெல்லாம் வாங்க மதுரை, சென்னை, பெங்களூரில் ஆட்கள் இருந்தார்கள். பொருள் நிஜமா போலியா என்று சண்முகக்கனி டீச்சர் ஒரு கடிதம் கொடுத்தால்தான் வாங்குவார்கள்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒரு மட்டையைக் கொண்டுவந்தால் கைப்பிடியில் சுற்றிய பிடித்துணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். கடைசியில் தராசில் வைப்பார். கடிதத்தின் முதல் வரியே எடைதான். அதற்குப் பிறகுதான் மட்டை யாருடையது, எந்த வருஷம் ஆடியது என்பதெல்லாம்.

உண்மையைச் சொன்னால், அந்தத் தராசு வந்தது மட்டைக்காக இல்லை. பிஸ்கட்டுக்காக. டீச்சருக்கு இரண்டு பிள்ளைகள். வருஷா வருஷம் பள்ளி திறக்கிற அன்று ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை நிறுத்துப் பார்த்து, எடையைச் சமையலறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார்.

கொம்பையா முதல் நாள் போனபோது அந்தச் சுவரைப் பார்த்தார். வருஷத்துக்கு வருஷம் எடை இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

"விலை ஏறலையே டீச்சர். அன்னிக்கும் அஞ்சு ரூபா, இன்னிக்கும் அஞ்சு ரூபா."

"ஏறலை அண்ணாச்சி. ரெண்டு பிஸ்கட் வீட்டை விட்டுப் போயிருச்சு. அவ்வளவுதான்."

"எங்கே போச்சு?"

வந்த விஷயம் என்ன என்று டீச்சர் கேட்டார்.

"பேங்குல போட்டா வட்டி வருது. அதை விட வேகமா தேங்கா விலை வருது. கையில இருக்கிறது கரைஞ்சுரும்போல இருக்கு. பழைய மட்டை, பழைய மெடல்னு வாங்கிப் போட்டா விலை ஏறும்ங்கிறாங்க. எது நல்லதுன்னு பார்க்க நீங்கதான் கத்துக் குடுக்கணும்."

"குடுக்கிறேன். ஃபீஸ் உண்டு."

"எவ்வளவு?"

"மேட்ச் நடக்கிற அன்னிக்கெல்லாம் மைதானத்துக்கு நீங்கதான் சுண்ணாம்புக் கோடு போடணும்."

இப்படித்தான் கொம்பையா சீடரானார். சுண்ணாம்பு வாளியும் கயிறுமாக மைதானத்தைச் சுற்றிக் கோடு போட்டார். மரத்தின் ரேகை பார்க்கவும், கைவியர்வை ஊறிய துணிக்கும் சாயம் போட்டு ஏமாற்றிய துணிக்கும் வித்தியாசம் பார்க்கவும் படித்தார். ஒவ்வொன்றாக வாங்கி அலமாரியில் சேர்த்தார்.

பாறைக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. டீமில் ஆடுகிற ஒருவர் இறந்து போனால், அடுத்த மேட்ச்சில் அவருடைய மட்டையை அவர் நிற்கிற இடத்துக்கு நேராகக் கோட்டோரம் ஊன்றி வைப்பார்கள். அந்த ஒரு மேட்ச் மட்டும் பத்துப் பேர் ஆடுவார்கள். பதினோராவது ஆள் மட்டைதான். அது முடிந்தால்தான் அவர் இடத்தில் வேறு ஆள் இறங்கலாம். அதுவரைக்கும் அந்த இடம் அவருடையது.

ஊரடங்கு வந்த வருஷம் செண்பகராஜ் காய்ச்சலில் போய்விட்டான். ரைட் விங்கில், வலது கோட்டோரம் ஆடியவன். அவன் பந்தோடு ஓடும்போது எதிர் டீம்காரனே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான், அப்படி ஒரு ஓட்டம். ஊர் கூடக்கூடாது, மேட்ச்சும் கிடையாது. மட்டை அவன் மனைவி மாரீஸ்வரியிடம் இருந்தது. மூன்றாவது மாசம் வீட்டில் அரிசி இல்லை. மாரீஸ்வரி மட்டையை எடுத்துக்கொண்டு கொம்பையா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

கொம்பையா பன்னிரண்டாயிரம் கொடுத்தார். குறைத்தெல்லாம் கொடுக்கவில்லை. அன்றைக்கு அது நல்ல விலைதான்.

டீச்சர் மட்டையை நிறுத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்.

"ஒரு மேட்ச் ஆடின பிறகு வாங்கலாமே அண்ணாச்சி."

"ஆட்டம் திறந்தவுடனே அந்த ஒரு மேட்ச்சுக்குக் குடுத்துருவேன் டீச்சர்."

"எடையை ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார் டீச்சர்.

ஆட்டம் திறந்தது. ஆனால் அதற்குள் பழைய மட்டை வாங்குகிறவர்கள் பைத்தியம் பிடித்த மாதிரி வாங்க ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் கையில் போனும் பணமும் இருந்தது. செண்பகராஜ் மட்டைக்கு நாற்பதாயிரம் வரை கேட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் போனில் தெளிவாகச் சொன்னார்.

"சார், அந்தப் ப்ளேயர் இறந்ததுக்கப்புறம் அந்த ஸ்டிக் மைதானத்துல இறங்கவே இல்லை. அதுதான் அதோட மதிப்பு. ஒரு தடவை இறங்கிட்டா போச்சு."

கொம்பையா மட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மாரீஸ்வரி வந்து கேட்டாள். "ஒரு மேட்ச் மட்டும் குடுங்க அண்ணாச்சி. முடிஞ்சதும் நானே துடைச்சுக் கொண்டாந்து குடுத்துருதேன்."

"அடுத்த வருஷம் பார்ப்போம்மா" என்றார் கொம்பையா.

அன்று சாயங்காலம் டீச்சரிடம் சந்தோஷமாகப் போனார். "எல்லாம் ஏறுது டீச்சர். நான் வாங்கினது ஒண்ணுகூட இறங்கலை."

டீச்சர் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ரப்பர் பந்தைப் போட்டார். மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறியது. பந்தும் ஏறியது.

"பந்து ஏறுதா அண்ணாச்சி?"

"ஏறுது."

டீச்சர் குனிந்து கொம்பையாவின் ஒற்றைச் செருப்பை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். அதுவும் பந்துக்குப் பக்கத்தில் மிதந்து ஏறியது.

"செருப்பு?"

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனார்.

அதற்கு அடுத்த வருஷம் எண்ணெய் ஏறியது, பருப்பு ஏறியது, சிலிண்டர் ஏறியது. வேன் ஃபீஸ் ஏறியது. கொம்பையாவின் போன் அடிப்பது குறைந்தது. செண்பகராஜ் மட்டையைத் தவிர அலமாரியில் முப்பத்தெட்டுப் பொருள் இருந்தது. ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுக்க அதில்தான். அதில் ஒன்றைக் கேட்டுக்கூட ஆள் வரவில்லை.

"ஏன் டீச்சர் இப்படி? விலைவாசி ஏறினா இதுவும் ஏறணும்தானே?"

"சிலிண்டர் விலை ஏறினா வீட்டுல முதல்ல எதை நிறுத்துவோம்? பால் பாக்கெட்டையா? பழைய மெடல் வாங்குறதைத்தான் அண்ணாச்சி நிறுத்துவாங்க."

"செண்பகராஜ் மட்டை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கே. ஒரு லட்சத்துக்குக் கேக்குறாங்க."

"அதை வாங்குறவங்களுக்குச் சிலிண்டர் என்ன விலைன்னே தெரியாது."

கொம்பையா கொண்டுவந்திருந்த மட்டையை மேசையில் வைத்தார்.

"இதை ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. கையில எடுத்தா என்னமோ மாதிரி இருக்கு."

நானூற்று ஐந்து கிராம்.

தராசு கெட்டுப்போயிருக்கும் என்றார் கொம்பையா. டீச்சர் அலமாரியிலிருந்து அந்த வருஷத்துப் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வைத்துக் காட்டினார். சுவரில் எழுதியிருந்த எடை அப்படியே வந்தது.

"மரம் காயும்ல? எண்ணெய் போடாம வச்சிருக்கேன்."

"காயும்" என்றார் டீச்சர். "மரம் காஞ்சா விரிசல் விடும். விட்டிருக்கா?"

விடவில்லை. மட்டை வாங்கிய அன்று இருந்தது மாதிரியே வழவழவென்று இருந்தது.

அந்த வருஷமும் மாரீஸ்வரி கேட்டாள். அந்த வருஷமும் அவர் அடுத்த வருஷம் என்றார். டீம் பத்துப் பேரோடு ஆடியது. முதல் சுற்றிலேயே தோற்றது.

கண்ணாடிப் பெட்டி விஷயத்தை முதலில் கவனித்தது பேச்சியம்மாள்தான். சாயங்காலம் நாலரை மணிக்குக் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஆவி படியும். சுடுசோற்றுப் பாத்திர மூடியில் படிகிற மாதிரி. ஐந்தரை, ஆறு மணி வரை இருக்கும். அப்புறம் தானாகத் தெளிந்துவிடும். நாலரை மணிதான் மைதானத்தில் டீம் பயிற்சிக்கு இறங்குகிற நேரம்.

"வெயிலுக்கு வேர்க்குது" என்றார் கொம்பையா.

"மார்கழியிலயுமா?"

"கண்ணாடின்னா அப்படித்தான்."

"உள்ள இருந்து யாரோ மூச்சு விடுறாங்க. நீங்க போன்ல விலையைப் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள் பேச்சியம்மாள். அதன் பிறகு நாலரை மணிக்கு அவள் அந்த அறைக்குள் போவதில்லை.

இரண்டு லட்சம் கேட்டார்கள். அன்று எடை இருநூற்றுப் பத்து.

இந்த வருஷம் பெங்களூர்க்காரர் மூன்று லட்சம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தானே காரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். டீச்சரின் கடிதம் மட்டும் புதிதாக வேண்டும். கொம்பையா கணக்குப் போட்டுப் பார்த்தார். அலமாரியில் மற்றதெல்லாம் விறகு விலைக்குப் போனாலும், இந்த மூன்று லட்சம் வந்தால் போட்ட பணத்தில் முக்கால்வாசி திரும்பிவிடும். வராவிட்டால் பென்ஷனைத் தவிர ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மாரீஸ்வரி அங்கேதான் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இந்த வருஷம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"ஏம்மா, கேக்கலையா?"

"கேட்டு என்ன அண்ணாச்சி. நீங்க குடுக்காட்டியும் அவரு வந்துட்டுத்தான் இருக்காரு." மறுபடி உட்கார்ந்து பாத்திரத்தைத் தேய்த்தாள்.

கொம்பையா டீச்சரிடம் கேட்டார். "விலை ஏற ஏற எடை குறையுதே டீச்சர். அந்த எடை எங்கே போகுது?"

"நடங்க" என்றார் டீச்சர்.

உச்சி வெயில். பள்ளிக்கூடத்தை ஒட்டிய மைதானத்தில் ஒரு காக்கை கூட இல்லை. டீச்சர் அவரை வலதுபக்கக் கோட்டுக்கு அழைத்துப் போனார். கோட்டுக்கு இரண்டு முழம் உள்ளே, நடு மைதானத்திலிருந்து எதிர் கோல் மூலை வரைக்கும் ஒரு தடம் ஓடியது. ஒற்றை ஆள் ஓடிய தடம். செம்மண் நன்றாக அழுந்தி, ஓரத்தில் புல் மடிந்து கிடந்தது. ஒரு சாண் ஆழம்கூட இருக்கும் சில இடத்தில்.

"ரைட் விங்கில ஆள் போட்டாச்சா டீச்சர்?"

"இல்லையே. அஞ்சு வருஷமா இந்தப் பக்கம் யாரும் ஓடுறதில்லை. நீங்கதானே கோடு போடுறீங்க, பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறார். யாரோ பயிற்சி எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். போன மழைக்கு அப்புறம் மைதானம் பூராவும் ரோலர் போட்டு ஓட்டியதும் அவர் கண் முன்னால்தான் நடந்தது.

தடத்தில் கால் வைத்துப் பார்த்தார். மண் வெயிலில் கொதிக்க வேண்டிய நேரம். அந்த இடம் மட்டும் ஈரமாகச் சில்லென்று இருந்தது. காலை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. ஒரு டீம் வரவில்லை என்பதால்தான் பாறைக்குளம் அவ்வளவு தூரம் வந்திருந்தது. காலையில் கொம்பையா கோடு போட்டார். வலதுபக்கம் போடும்போது கோடு கோணலானது.

நாலு மணிக்குக் கார் வந்தது. பெங்களூர்க்காரர் இளைஞர், நல்ல மரியாதையாகப் பேசினார். பணம் பையில் இருந்தது. மட்டையைக் கொம்பையா துண்டில் சுற்றி எடுத்து வந்தார். வழியெல்லாம் மட்டை துண்டுக்குள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவ்வளவு லேசு.

டீச்சர் மேட்ச்சுக்கு நடுவர். கழுத்தில் விசிலோடு மைதானத்து ஓரத்து மேசையில் தராசை எடுத்து வைத்தார். மட்டையைத் தராசில் வைத்தார்.

முள் அசையவில்லை.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மட்டை தட்டை நிறைத்துக்கொண்டு கண் முன்னால் கிடந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

டீச்சர் பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதை வாசித்தார். "எடை, ஒன்றுமில்லை. மட்டை, பாறைக்குளம் செண்பகராஜுடையது." பெங்களூர்க்காரரை நிமிர்ந்து பார்த்தார். "கையெழுத்துப் போடட்டுமா சார்?"

"போடுங்க மேடம். எடையெல்லாம் யாரு பார்க்கப் போறா. லெட்டர் இருந்தாப் போதும்."

கொம்பையா அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கிண்டலும் இல்லை, ஏமாற்றும் இல்லை. நிஜமாகவே போதும் என்றுதான் சொன்னார். பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாக இருந்தது.

மணி நாலரை ஆனது. மைதானத்தில் பத்துப் பேர் இறங்கினார்கள். ரைட் விங் காலியாக இருந்தது. சத்துணவுக் கூடத்து வாசலில் மாரீஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தராசில் கிடந்த மட்டையின் பிடித்துணி மெல்ல நனைய ஆரம்பித்தது. ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

"இருங்க சார்" என்றார் கொம்பையா. "ஒரு மேட்ச் முடியட்டும்."

"சார், உள்ளே இறக்கினா டீல் கிடையாது. முன்னாடியே சொல்லியிருக்கேன்."

"சொன்னீங்க."

கொம்பையா மட்டையை எடுத்தார். எடுக்கும்போது காகிதம்போல இருந்தது. வலதுபக்கக் கோட்டைப் பார்த்து நடந்தார். பத்தடி போனதும் ஒரு கை போதவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். பாதி தூரத்தில் தோளில் போட்டுக்கொண்டார். கோட்டை அடையும்போது, அரிசி மூட்டை சுமந்து வந்தவர்போல அவருக்கு மூச்சு வாங்கியது. செண்பகராஜ் நிற்கிற இடத்துக்கு நேராக மட்டையை ஊன்றினார். மண் அவருக்காகக் காத்திருந்த மாதிரி விட்டுக் கொடுத்தது.

டீச்சர் விசில் ஊதினார்.

பெங்களூர்க்காரர் கோபத்தோடு பின்னாலேயே வந்து கொம்பையாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போது பந்து நடுவிலிருந்து வலதுபக்கம் வந்தது. அடித்த பையன் பழக்க தோஷத்தில் அடித்துவிட்டான். அந்தப் பக்கம் ஆளில்லை. கோட்டைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

டொக் என்றது.

பந்து நின்றது. செம்மண் தடத்தில் லேசாகத் தூசி எழும்பி, எதிர் கோல் மூலையைப் பார்த்து ஓடியது. பந்து அதோடு ஓடியது. எதிர் டீமின் தடுப்பாட்டக்காரன் ஒரு நிமிஷம் ஆடாமல் நின்றான். மூலைக்குப் போன பந்து மறுபடி ஒரு டொக் சத்தத்தோடு கோலுக்கு முன்னால் வந்து விழுந்தது. அங்கே ஓடி வந்த பாறைக்குளத்துப் பையன் அதை உள்ளே தள்ளினான்.

யாரும் கத்தவில்லை. கைகூடத் தட்டவில்லை. சத்துணவுக் கூடத்து வாசலில் மாரீஸ்வரி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள், ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி.

பெங்களூர்க்காரர் கொம்பையாவின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சு. அஞ்சு லட்சம் தர்றேன் சார். இப்பவே."

கோல் போட்ட பிறகு எல்லோரும் நடு மைதானத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தடத்தில் தூசி மெதுவாக, யாரோ நடந்து திரும்பி வருகிற வேகத்தில், இவர்களை நோக்கி வந்தது.

டீச்சர் விசிலைக் கையில் பிடித்தபடி அந்தப் பக்கம் வந்தார்.

"டீச்சர்" என்றார் கொம்பையா. "அஞ்சு லட்சம் கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய காலடியைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, ரெண்டு பேரும். அவன் வர்ற வழியில நிக்கிறீங்க."